எட்டாவது கடிதம்: ஆறு டிக்கெட் பணம் எங்கே?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: சிப்பாங் சர்க்யூட்டில் ரத்தான உங்கள் பந்தயம், கே1 பார்வையாளர் ஸ்டாண்ட் 6 டிக்கெட், 780 வெள்ளி (ரிங்கிட்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையார்,

வணக்கம். மலாயில் நான்கு, ஆங்கிலத்தில் மூன்று என்று ஏழு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஏழுக்கும் வந்தது ஒரே பதில், அதுவும் இயந்திரம் எழுதியது. உங்கள் சேவைப் பக்கத்தில் தமிழிலும் எழுதலாம் என்று போட்டிருக்கிறீர்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம்.

ஆகஸ்டில் எந்தப் பந்தயம் என்று உங்களுக்கே தெரியும், நீங்கள்தானே நடத்துவதாக இருந்தீர்கள். தலைக்கு 130 வெள்ளி. நான்கு நாள் இருக்கும்போது ரத்து என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரே ஒரு வரி வந்தது. பணம் 30 வேலை நாளில் வந்துவிடும் என்றீர்கள். 30 போய் 90 ஆயிற்று. 2009இல் இதே சிப்பாங்கில் மழை கொட்டி எஃப் ஒன் (ஃபார்முலா ஒன்) கார்ப் பந்தயத்தை 31 சுற்றோடு முடித்தபோது ஓட்டுநர்களுக்குப் பாதிப் புள்ளியாவது கொடுத்தார்கள். நீங்கள் ஒரு சுற்றுகூட ஓட்டாமல் முழுப் பணத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பணத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை. போன மாதம் உங்கள் எண்ணுக்கு அழைத்து 47 நிமிடம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்தேன். கடைசியில் எடுத்தவர் பெயர் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். நான் விவரம் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, எஃப் ஒன்னே ஓடிப்போன இடம் அது. சர்க்யூட்டுக்கே காசு இல்ல, உங்க 780 வெள்ளி ஒரு விஷயமா?"

அவரிடம் யாராவது சொல்லுங்கள். நான் சிப்பாங்கில் 2004 முதல் தன்னார்வ மார்ஷல், பந்தயத் தடத்தின் பாதுகாப்பைப் பார்க்கிறவன். காலை ஆறு மணிக்குப் போய், அந்த ஆரஞ்சு உடைக்குள் வெந்து, கொடியும் தீயணைப்புக் குப்பியுமாக நிற்கிற ஆள். சம்பளம் இல்லை. சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர், ஒரு தொப்பி, அவ்வளவுதான். அந்த இடத்தின் பணக் கஷ்டத்தைப் பற்றி உங்கள் பணியாளர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

எஃப் ஒன் ஓடிப்போகவில்லை, மலேசியாவில் நாம்தான் போதும் என்றோம். 1999இல் தொடங்கி 19 பந்தயம். 2018 வரை ஒப்பந்தம் இருந்தும் ஒரு வருடம் முன்னதாகவே முடித்துக்கொண்டது அரசாங்கம். நடத்துவதற்குக் கட்டும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், டிவி உரிமைப் பணம் எஃப் ஒன் பக்கம் போய்விடும், நடத்துகிறவன் நம்பியிருப்பது டிக்கெட் காசைத்தான். 2008இல் சிங்கப்பூர் ராத்திரிப் பந்தயத்தை ஆரம்பித்ததும் அதிலும் ஓட்டை விழுந்தது. இதையெல்லாம் பத்திரிகையிலும் படித்தேன், ஆனால் அதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன். என் போஸ்ட்டுக்கு எதிரே ஸ்டாண்ட். ஆரம்ப வருடங்களில் அங்கே தலைகள்தான் தெரியும். போகப் போக நாற்காலியின் நிறம் தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம். 2017 அக்டோபர் 1, வெர்ஸ்டாப்பன் ஜெயித்த கடைசிப் பந்தயத்துக்குத்தான் கூட்டம் திரும்பி வந்தது. வந்து என்ன?

அதே வாரம் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் தடத்தின் ஓரத்தில் வடிகால் மூடி ஒன்று பெயர்ந்து, ஹாஸ் அணியின் குரோஜான் ஓட்டிய காடி நொறுங்கியது. அந்த அணி இழப்பீடு கேட்டது, கிடைத்தது. அடிபட்டவன் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருந்தது. உங்கள் கடனுக்கு சர்க்யூட்டை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்? இடத்தை வாடகைக்கு எடுத்தது நீங்கள், டிக்கெட் விற்றது நீங்கள், காசு போனது உங்கள் கணக்குக்கு. நான் சின்னப் பையனாக அப்பா தோளில் உட்கார்ந்து பந்தயம் பார்த்த ஷா ஆலம் பத்து தீகா தடத்தை 2003இல் இடித்து வீடு கட்டிவிட்டார்கள். சர்க்யூட் எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். சிப்பாங் சாகவில்லை, மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்னும் அங்கேதான் நடக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன், அந்தப் பயணம். "நேரில் போனால் கவுண்டரில் கொடுத்துவிடுவார்கள்" என்றார் உங்களுடைய இன்னொருவர். அரை நாள் விடுப்பு எடுத்து, செந்தூலிலிருந்து சிப்பாங்குக்குக் காடி ஓட்டினேன். டோல், எண்ணெய் எல்லாம் சேர்த்து 40 வெள்ளிக்கு மேல். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா என்னைப் பார்த்து, "அண்ணே, இன்னைக்கு டூட்டி இல்லையே?" என்றார். கவுண்டர் மூடிக் கிடந்தது. கண்ணாடியில் உங்கள் பந்தயத்தின் சுவரொட்டி, ஒரு மூலை பிய்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பல்லி. நானும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜாகா தன் தே தாரிக் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். உங்கள் கம்பெனியிடமிருந்து எனக்கு இதுவரை கிடைத்த சேவை அதுதான், அதுவும் அவர் உங்கள் ஆள் இல்லை.

ரத்துச் செய்தி வருவதற்குள் பட்டர்வொர்த்திலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார். ஹோட்டல், சாப்பாடு, பிள்ளைகளின் அழுகை. மச்சான் முன்னால் என் மானம் போனதையும் கணக்குப் போட்டால் நஷ்டம் 5,000 வெள்ளிக்குக் குறையாது. இருந்தாலும் 780 மட்டும்தான் கேட்கிறேன். நான் நியாயமான ஆள்.

தயவுசெய்து வரும் புதன்கிழமைக்குள் பணத்தைப் போட்டுவிடுங்கள், வங்கிக் கணக்கு எண் முந்தைய ஏழு மின்னஞ்சலிலும் இருக்கிறது. இல்லாவிட்டால் வியாழன் காலை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுவேன். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. அப்போது மச்சானின் ஹோட்டல் ரசீதையும் சேர்த்துக்கொண்டுதான் வருவேன். அவசரத்தில் கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். அந்தச் சிரித்த பணியாளரைப் பற்றி எழுதியதற்கு மட்டும் மன்னிப்பு இல்லை.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு மார்ஷல்

இணைப்பு: 6 டிக்கெட், டோல் விவரம், மூடிய கவுண்டரின் படம்.

பி.கு.: போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, அடுத்த பந்தயத்துக்கு அனுபவமுள்ள மார்ஷல்கள் பத்துப் பேரைக் கூட்டிவர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். முடியும். முதலில் 780 வெள்ளி.