முடிச்சூர் இஸ்திரிக் கடைக்காரருக்கு நன்றி

மதுரையிலிருந்து சென்னைக்குப் பணிமாற்றம் வந்தபோது, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு தரைத்தள வீட்டைத் தரகர் அனுப்பிய காணொளியில் மட்டுமே பார்த்திருந்தேன். பத்து மாத வாடகையை முன்பணமாக அன்றே அனுப்பும்படி அவர் நெருக்கினார். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகையைத்தான் அனுமதிக்கிறது. ஆனால் ஊர் வழக்கம் வேறு.

ஐயா, அந்தக் காணொளியின் ஓரத்தில் தெரிந்த உங்கள் கடைப் பலகையின் எண்ணுக்கு, தண்ணீர் வசதி எப்படி என்று கேட்பதற்காகவே அழைத்தேன். நீங்களோ, 2015 டிசம்பரில் அடையாறு பெருகி அத்தெருவில் வெள்ளம் புகுந்ததைச் சொன்னதோடு நில்லாமல், கடையை மூடியபின் அந்த வீட்டுக்கே நடந்துசென்று, பூச்சு படாத பின்சுவரில் தெரிந்த நீர்த்தடத்தைப் படமெடுத்து அனுப்பினீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, உப்பு என்றும் சொன்னீர்கள். மறுநாள் நீங்களாகவே அழைத்து, மேட்டுப்பாங்கான தெருவில் உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மாடி வீடு காலியாவதாகக் கூறி, அவரிடம் பேசியும் வைத்தீர்கள். தரகுக்கூலியாக நான் தர முன்வந்த தொகையை, "என் பையனும் வெளியூரில் வீடு தேடி அலைந்தவன்தான்" என்று மறுத்துவிட்டீர்கள்.

இன்று அந்த மாடி வீட்டில்தான் குடியிருக்கிறோம். நாங்கள் வந்து சேர்வதற்குள் உங்கள் கடை இடம் மாறிவிட்டது, எண்ணும் இயங்கவில்லை. இந்த இஸ்திரிக் கடைக்காரரை அறிந்தவர்கள் இப்பதிவை அவரிடம் காட்டினால், நேரில் வந்து நன்றி சொல்லக் காத்திருக்கிறேன்.