மூக்கு நீண்டது நம்முடையது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு மலரில் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் சாலையைப் பற்றிய கட்டுரையோடு ஒரு கொம்புத் தவளையின் படம் வந்திருந்தது. அருமையான படம். அடியில் ‘மெகோஃப்ரிஸ் மொண்டானா, நம் நாட்டு மலைத் தவளை’ என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. என் பேரன் அதைக் கத்தரித்துப் பள்ளி ஃபோலியோவில் ஒட்டிவிட்டான், அதனால்தான் எழுதுகிறேன்.

மொண்டானா ஜாவாக்காரன். கூல், வான் ஹாசல்ட் என்ற இரண்டு இளம் இயற்கை ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பிடித்தது. 1822-இல் அதற்குப் பெயர் அச்சேறியபோது கூல் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே ஜாவாவின் போகோரில் காலமாகிவிட்டார், 24 வயதுகூட நிறையவில்லை. மற்றவரும் 1823-இல் போய்ச் சேர்ந்தார்.

உங்கள் படத்தில் இருப்பது நாசூட்டா என்ற வேறு இனம். மூக்கைப் பாருங்கள். கண்ணிமை மேல் கொம்புபோல் நிற்கும் தோல் இரண்டுக்கும் பொதுதான். நம்முடையதற்கு மூக்கு நுனியிலும் ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும். நாசூட்டா என்றாலே லத்தீனில் பெரிய மூக்குள்ளது என்று பொருள். இது தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ, சிங்கப்பூர் என்று பரவியிருக்கிறது. மலை உச்சிதான் வேண்டும் என்றில்லை. சிங்கப்பூரின் புக்கிட் தீமாவிலும் இருக்கிறது, அந்த ‘மலை’யின் உயரமே 163 மீட்டர்தான்!

முப்பது வருடத்துக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் அழைத்துப்போனேன். காய்ந்த இலை பொறுக்கச் சொல்லியிருந்தேன். ஒருவன் கை வைக்கப்போன இலை நகர்ந்து உட்கார்ந்தது. முதுகில் நீளவாட்டில் ஓடிய மடிப்பு அப்படியே இலை நரம்பு. பையன் அலறியதில் மற்றவர்கள் ஓடையில் இறங்கிவிட்டார்கள். அங்கே அதன் தலைப்பிரட்டைகள், வாயைப் புனல்போல் மேலே விரித்து நீர்மட்டத்தில் மிதப்பதை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அன்றைக்கு இலைப்பாடம் நடக்கவில்லை.

சரி, தவறு உங்களுடையது மட்டுமல்ல. ஷ்லேகல் என்ற விலங்கியலாளர் 1858-லேயே நாசூட்டா என்று பெயரிட்டும், பின்னால் வந்தவர்கள் மலாயா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் தவளைகளையெல்லாம் ஜாவா இனத்தின் கிளைகளாகச் சேர்த்துவிட்டார்கள். 1960-களின் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கும். இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 2018-இல் தென்மேற்குச் சுமத்ராவிலிருந்து ‘லான்சிப்’ என்று ஒன்று தனி இனமாகப் பிரிந்தது. மலாய் தெரிந்தவர்களுக்குப் பெயரே போதும், கூர்மை. அடுத்த ஆண்டே போர்னியோவில் இன்னொன்று. அப்புறம் நாசூட்டாவையே மெகோஃப்ரிஸிலிருந்து எடுத்து பெலோபட்ராக்கஸ் என்ற பேரினத்தில் வைத்துவிட்டார்கள். அந்த மாற்றத்தை நீங்கள் கவனிக்காததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஜாவாவின் தவளையைப் பேராக்கில் குடியேற்றுவது வேறு விஷயம்.

வரும் ஞாயிறு ஒரு வரி திருத்தம் போட்டால் உதவியாக இருக்கும். ஃபோலியோவில் ‘மொண்டானா’வைப் பேனாவால் அடித்து ‘நாசூட்டா’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். “பாட்டி, பேப்பரிலேயே போட்டிருக்கிறதே, டீச்சர் எதை நம்புவார்?” என்று பேரன் கேட்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
தாப்பா, பேராக்.