பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: வீட்டில் இரண்டு வார உணவு வைத்துக்கொள்வது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில் ஒரு பையனின் பையில் ஏழு பிஸ்கட் பாக்கெட்டுகள் இருந்தன. மதியம் தட்டில் வைத்த சாப்பாட்டில் பாதியையும் ஒரு தாளில் மடித்துப் பைக்குள் வைத்திருந்தான். வகுப்பாசிரியை அருகில் உட்கார்ந்து கேட்டபோது அழுதுகொண்டே சொன்னான்: "இனிமே கடையில ஒண்ணும் இருக்காதாம் மிஸ். தங்கச்சிக்கு எடுத்து வெச்சேன்."

அவனை யாரும் பயமுறுத்தவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே வாரத்தில் பெற்றோர் பலர் என்னிடம் நேரிலும் தொலைபேசியிலும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். வைரஸ் பரவிக்கொண்டிருக்கிறது, வீட்டில் எவ்வளவு பொருள் வாங்கி வைக்க வேண்டும் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. பள்ளி நடப்பது, விடுமுறை விடுவது பற்றித் தனிச் சுற்றறிக்கை வரும். இது சாப்பாட்டைப் பற்றி மட்டும்.

பொருள் வாங்கி வைப்பது தவறில்லை. இரண்டு வாரத்துக்கு வேண்டியது வீட்டில் இருப்பது நல்லது. உலகத்தில் உணவு தீர்ந்துவிடும் என்பதற்காக இல்லை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்களும் வெளியே போகாமல் இருக்க வேண்டிவரும், அதற்காகத்தான். கோவிட் வந்த 2020-ல் நோயாளியோடு பழகியவர்களை 14 நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். வைரஸுக்கு வைரஸ் அந்த நாள் கணக்கு மாறும். எத்தனை நாள் என்று சுகாதாரத் துறை சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

இரண்டு வாரத்துக்கு எவ்வளவு? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கண் அளவில் வாங்கினால் பயம் எவ்வளவோ அவ்வளவு மூட்டை வந்து சேரும். கணக்குப் போட்டால் அப்படி ஆகாது. பேரிடர்க் காலங்களில் நிவாரண அமைப்புகள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,100 கலோரி என்று வைத்துத் திட்டமிடுகின்றன. அவை பரவலாகப் பயன்படுத்தும் பங்கீடு ஏறக்குறைய இப்படி இருக்கும்: தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 5 கிராம். இதோடு காய்கறி, பால், கடலை என்று கொஞ்சம் சேர்ந்துவிட்டால் உடம்புக்குப் போதும்.

நான்கு பேர் உள்ள வீடு, 14 நாள் என்றால் 56 ஆள்-நாள். பெருக்கிப் பாருங்கள். தானியம் 22 கிலோவுக்குச் சற்று மேல், பருப்பு 3 கிலோ 360 கிராம், எண்ணெய் 1 கிலோ 400 கிராம், சர்க்கரை 840 கிராம், உப்பு 280 கிராம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிடக் குறைவாகவே ஆகும். இதில் வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பொருள் வாங்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இப்போதே கையில் இருக்கும். மிச்சத்தை மட்டும் வாங்கினால் போதும். அது நிச்சயம் மூட்டைக் கணக்கில் வராது.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு இந்த வாரம் இதையே கணக்காகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கற்பனைக் குடும்பம் ஒன்றுக்குத்தான் போடுவார்கள். சொந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதி வரும்படி யாரையும் கேட்க மாட்டோம். இருப்பு குறைவாக உள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து உட்காரக் கூடாது என்பதில் நாங்கள் எல்லோரும் உறுதியாக இருக்கிறோம். வீட்டில் நீங்களாக விருப்பப்பட்டுப் பிள்ளையோடு சேர்ந்து எண்ணினால் அது வேறு. அதனால் என்ன நன்மை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது கடை அலமாரி காலியாவதைப் பற்றி. வாரத்துக்கு ஒரு பாக்கெட் எண்ணெய் வாங்கும் 500 குடும்பங்கள் ஒரு கடைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 600 பாக்கெட் வைத்திருப்பார். வழக்கமான வாரத்தில் 100 மிஞ்சும். அதே வாரம் எல்லோரும் மூன்று மூன்றாக எடுக்க ஆரம்பித்தால் முதல் 200 குடும்பத்தோடு சரக்கு தீர்ந்துவிடும். மீதி 300 குடும்பம் வெறுங்கையோடு திரும்பும். ஆலையில் எண்ணெய் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்டதுதான் காரணம். காலி அலமாரியைப் பார்த்தவர் அடுத்த கடைக்கு ஓடுவார், அங்கேயும் அதுவே நடக்கும். ஜப்பானில் 1973-ல் பெட்ரோலிய எண்ணெய் நெருக்கடி சமயத்தில் கழிப்பறைத் தாள் கிடைக்காமல் போகும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அதை நம்பி மக்கள் கடைகளில் குவிந்ததாலேயே தட்டுப்பாடு உண்டானது. 2020-ல் பல நாடுகளில் அதே பொருளுக்கு அதே கதை திரும்ப நடந்தது.

அந்த 300 குடும்பங்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். நாள் கூலி வாங்கிக்கொண்டு சாயங்காலம் கடைக்கு வருபவர்கள். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வரும் செவிலியர்கள். கூட்டத்தில் முண்டியடிக்க முடியாத வயதானவர்கள். நம் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளும் அதில் இருக்கின்றன. எந்த வீடு என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2020-ல் நானும் பயந்தேன். ஒரே நாளில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு வேண்டிய மாவை வாங்கிவிட்டேன். அன்று மாலை எதிர் வீட்டு அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், மாவு இல்லை என்று திரும்பி வந்தார். மறுநாள் காலை அதைக் கேள்விப்பட்டதும் இரண்டு பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அதுவரை அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வாங்கிய மாவில் பாதி வண்டு விழுந்து வீணானது. அந்த இரண்டும் இன்னும் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

அதனால் என் வேண்டுகோள், ஒரே நாளில் வாங்காதீர்கள். வழக்கமாகக் கடைக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பொருளில் மட்டும் ஒன்று கூடுதலாக எடுங்கள். இன்று பருப்பு, அடுத்த முறை எண்ணெய். மூன்று நான்கு வாரத்தில் இரண்டு வார இருப்பு தானாகச் சேர்ந்துவிடும். பணமும் ஒரேயடியாகக் கரையாது.

எதை வாங்குவது என்றால், நீங்கள் தினமும் சாப்பிடுவதைத்தான். நெடுநாள் கெடாது என்று யாரோ சொன்னதற்காகப் பிள்ளை தொடாத டின் உணவை அடுக்காதீர்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை புதிய ருசியைச் சுத்தமாக ஏற்காது. கஞ்சி காய்ச்சப் பொருள் இருக்கட்டும். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி போல நாள்பட நிற்கும் காய்கள் நல்லது. உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட வேண்டாம், சேர்ந்திருந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

பலர் மறக்கும் பொருள்கள் வேறு சில உண்டு. கைக்குழந்தைக்கான பால் மாவு. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள். மாத்திரையை மட்டும், கிடைத்தால், ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு, மாதவிடாய் நாப்கின், சமையல் எரிபொருள். அப்புறம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். அது கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அளவு முக்கியம், உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து.

வாங்கியதைக் கெடாமல் வைப்பதும் அதே அளவு வேலை. பழைய தானியத்தின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். டப்பாவைக் காலி செய்து, துடைத்து, ஈரம் போகக் காயவைத்த பிறகே நிரப்புங்கள். வண்டு பெரும்பாலும் பழைய தூளிலிருந்துதான் புதியதற்கு ஏறுகிறது. உறைபெட்டி இருந்தால் மாவு, ரவை போன்றவற்றை மூன்று நான்கு நாள் அதில் வைத்து எடுத்தால் முட்டைகள் செத்துப்போகும். தீட்டாத தானியத்தில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், அதை முதலில் தீருங்கள். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, முன்னால் இருப்பதை எடுங்கள். வாங்கிய தேதியை ஒட்டும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். உப்பிப்போன டின்னை மட்டும் ருசி பார்க்கக்கூடத் திறக்க வேண்டாம். உள்ளே கிருமியால் விஷம் உண்டாகியிருக்கலாம், அது சிறு அளவு போனாலே உயிருக்கு ஆபத்து.

காய்கறியைச் சோப்பிலும் பிளீச்சிலும் கழுவுவதாகச் சில தாய்மார்கள் சொன்னார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாலே போதும். சோப்பும் பிளீச்சும் வயிற்றுக்குள் போனால் அதுவே நோய். கோவிட் உணவின் மூலமோ பொட்டலத்தின் மூலமோ பரவியதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அப்போது சொன்னது. ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ போன்ற சில வைரஸ்கள் உணவு வழியாக நன்றாகவே பரவும், அவற்றிடம் கை சானிடைசர் அவ்வளவாக எடுபடாது. கை கழுவச் சோப்பும் தண்ணீரும் இரண்டு வகைக்கும் பொருந்தும். சமைக்கும் முன்னும் சாப்பிடும் முன்னும் 20 விநாடி கை கழுவுங்கள். நோயுற்றவர் சமைக்க வேண்டாம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், மிச்சம் பிடித்துச் சாப்பிடும் நாட்களில் இது ரொம்ப முக்கியம். கிருமிநாசினியைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-ல் உலகம் முழுக்கச் சுமார் 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளி மூடப்பட்டது. அதனால் சுமார் 37 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி உணவு நின்றுபோனதாக உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. சிலருக்கு அந்த நாளின் முழுச் சாப்பாடே அதுதான். நம் பள்ளியை மூட வேண்டிவந்தால் அந்த உணவை உலர் பொருளாக வீட்டுக்குக் கொடுக்க அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் தெரிவிப்பேன். அதுவரை ஆசிரியர்கள் சேர்ந்து அலுவலக அறையில் ஒரு அலமாரியில் பொருள் சேர்த்து வருகிறோம். கொடுக்க நினைப்பவர்கள் கொடுக்கலாம், ஆனால் யாரும் கட்டாயம் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பையனின் அம்மாவை அன்று மாலையே அழைத்துப் பேசினேன். அவர் சத்தம் போடவில்லை. வீட்டுக்குப் போனதும் அவனை அடுக்களையில் உட்காரவைத்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டியிருக்கிறார். அரிசியை ஆழாக்கால் அளந்து, "இது இத்தனை நாளைக்கு வரும், உனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து" என்று எண்ணச் சொல்லியிருக்கிறார். பின்னால் சொல்கிறேன் என்றது இதைத்தான். பிள்ளைகளிடம் "பயப்படாதே" என்று சொல்வதைவிட இருப்பதைக் கண்ணால் பார்க்கவிட்டால் சீக்கிரம் அமைதியாவார்கள். செய்தியும் வதந்தியும் பேச வேண்டியிருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு பேசுங்கள். பையில் ஒளித்து வைப்பது, இரண்டாவது முறை கேட்கக் கூச்சப்படுவது, சாப்பாட்டை மிச்சம் வைப்பது போன்றவற்றைக் கண்டால் திட்டாமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு உறை இருக்கிறது. உள்ளே உள்ள சீட்டில் இரண்டு கேள்விகள்தான்: வீட்டில் நோய்ப்பட்டால் பொருள் வாங்கித் தர ஆள் உண்டா, அலமாரியிலிருந்து ஏதாவது வேண்டுமா. எல்லா வீட்டுக்கும் ஒரே உறைதான் வந்திருக்கிறது. எல்லோரும், ஒன்றும் எழுதாவிட்டாலும், ஒட்டித் திருப்பி அனுப்புங்கள். அப்போதுதான் எழுதியவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. உறையை நான் மட்டுமே பிரிப்பேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட்டால் சனிக்கிழமை பொருளைப் பிரித்துக் கட்ட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்