நாளுக்கு இரண்டு முறை தீவாகும் ஊர்

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒரு மணி நேரம் தனியாக உட்கார முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்காகவே உனக்குக் கத்பர்ட் என்ற பழைய காலத்துத் துறவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன வாரம் மகளோடு லிண்டிஸ்ஃபார்ன் போயிருந்தேன். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய தீவு. தார்ச்சாலை உண்டு, ஆனால் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி அதை மூடிவிடும். அட்டவணை பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். நேரம் தப்பி நடுவழியில் சிக்குகிறவர்கள் ஏறித் தப்ப, உயரமான கால்கள் மேல் ஒரு சின்ன மர அறை நிற்கிறது.

635இல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலிருந்து வந்த ஐடன் என்ற துறவி இங்கே மடம் அமைத்தார். வரவழைத்தவர் அந்தப் பகுதியை ஆண்ட அரசர் ஆஸ்வால்ட். அவருடைய கோட்டை இருந்த பாம்பரோ, தீவிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. அரண்மனை கண்ணெதிரே, ஆனால் நடுவில் கடல்! ஐடன் இந்த இடத்தைக் கேட்டு வாங்கியது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கத்பர்ட் அவருக்குப் பின் வந்தவர். மடத்து ஆள்நடமாட்டமே அவருக்கு அதிகம். முதலில் அருகிலிருந்த ஒரு திட்டுக்கு ஒதுங்கினார். அதுவும் போதாமல் 676இல் இன்னர் ஃபார்ன் தீவுக்கே போய்விட்டார். வானம் மட்டும் தெரியும்படி குடிலைச் சுற்றி உயரமாகச் சுவர் எழுப்பினாராம். அப்படியும் ஜனங்கள் படகேறி வந்தார்கள், தங்கள் துயரத்தைச் சொல்ல. அவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கடைசியில் அப்போதைய அரசரே படகில் வந்து கெஞ்சி அவரை ஆயராக்கினார். இரண்டே வருடத்தில் ஃபார்னுக்குத் திரும்பி, 687இல் அங்கேயே இறந்தார். தனிமையை இவ்வளவு நேசித்தவர் மனிதர்களிடம் இவ்வளவு கனிவாக இருந்திருக்கிறாரே என்று அங்கே நின்று வெகுநேரம் யோசித்தேன்.

793இல் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடல் கொள்ளையர்கள் மடத்தைச் சூறையாடினார்கள். 875இல் துறவிகள் கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு தீவை விட்டே போனார்கள். இப்போது இடிந்து நிற்கும் செங்கல் நிறக் கோயில் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. கோபுரம் விழுந்தும் ஒரு மெல்லிய வளைவு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

கத்பர்ட்டின் சமாதி டர்ஹாம் பேராலயத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் போகிறோம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
வசந்தா