குரோனிங்கன் வீட்டுக்காரர்களிடம் சான்று கேட்காதீர்கள்: நெதர்லாந்து நாடாளுமன்றக் கீழவைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் வசிக்கும் தமிழன். என் வீட்டில் சோறு வெந்ததும், குளிர்காலத்தில் அறைகள் கதகதப்பாக இருந்ததும் நாட்டின் வடக்கே உள்ள குரோனிங்கன் மாகாணத்தின் எரிவாயுவால்தான். அதை எடுத்ததால் சுவர் வெடித்த வீடுகளுக்காகப் பேசும் கடமை எனக்கும் உண்டு.

1959இல் அந்த மாகாணத்தின் ஸ்லோக்தரனில் கண்டுபிடித்த வாயுவை 1963 முதல் எடுத்தோம். சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள மணற்பாறையிலிருந்து வாயு வெளியேற வெளியேற அழுத்தம் குறைந்து பாறை அமுங்கியது. அதிலுள்ள பழைய பிளவுகள் நழுவி நிலம் அதிர்ந்தது. 1986இலேயே புவியியலாளர் மேன்ட் வான் டெர் ஸ்லாய்ஸ் எச்சரித்தார். அவர் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. 2012 ஆகஸ்ட் 16 அன்று அங்குள்ள ஹாய்சிங்க என்ற சிற்றூரில் 3.6 அளவில் நிலம் நடுங்கியது. எண்ணைப் பார்த்தால் சிறியதுதான். ஆனால் அதிர்வு பிறந்த ஆழம் குறைவு, மேலே இளகிய மண், அதன்மேல் நிலநடுக்கத்தை நினைத்துக்கூடப் பார்க்காதவர்கள் கட்டிய செங்கல் வீடுகள். வாயு உற்பத்தியை இயன்ற வேகத்தில் குறையுங்கள் என்று அரசின் சுரங்கக் கண்காணிப்பு அமைப்பு 2013 தொடக்கத்தில் சொன்னது. அதே ஆண்டில் 5,000 கோடி கன மீட்டருக்கும் மேல் எடுத்தோம், முந்தைய ஆண்டைவிட அதிகமாக. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று உங்கள் அவையின் விசாரணைக் குழுவே 2023 பிப்ரவரியில் எழுதியது. அரசுக்குக் கிடைத்த வருவாய் சுமார் 36,300 கோடி யூரோ. அவ்வளவும் வாங்கிக்கொண்ட பிறகு ஒவ்வொரு விரிசலுக்கும் காரணம் தேடுவது, யானையை வாங்கிக்கொண்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவதுதான்.

2016 இறுதியிலிருந்தே சட்டம் வீட்டுக்காரர் பக்கம் நிற்கிறது: அந்தப் பகுதியில் ஏற்படும் இத்தகைய சேதம், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை, வாயு எடுத்ததால் வந்ததாகவே கொள்ளப்படும். நடைமுறை வேறாக இருந்தது. ஒரு நிபுணர் வந்து அளந்து போவார்; அடுத்தவர் வந்து, இது பழைய விரிசல், அடித்தளம் தானாக இறங்கியது என்பார். பலமுறை சேதம் கண்டவர்களுக்கு மன உளைச்சலும் உடல்நலக் குறைவும் கூடுதல் என்று குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2022 ஜனவரியில் வீட்டு மேம்பாட்டுக்கு 10,000 யூரோ வரையான மானியத்துக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியபோது மக்கள் குளிரில் வரிசையில் நின்றார்கள். பணம் ஒரே நாளில் தீர்ந்தது. இழப்பீடு என்பது முந்தியவருக்குக் கிடைக்கும் பொருளா?

இப்போது ஒரே தொகையாகத் தரும் நிலையான இழப்பீடு 10,000 யூரோவாக உயர்ந்திருக்கிறது. 60,000 யூரோ வரையான பழுதுபார்ப்புக்குக் காரண ஆய்வு தேவையில்லை. நல்ல மாற்றம், மனமார வரவேற்கிறேன். ஆனால் பழைய விதிகளின்படி குறைவாக வாங்கிக் கையெழுத்திட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறார்கள், பக்கத்து வீட்டுக்குப் பூச்சுவேலையோடு சரி. கூடிப் பழகிய ஊர்களில் இது மனத்தாங்கலாக வளர்கிறது.

ஆகவே கேட்கிறேன். முடித்துவைத்த பழைய கோப்புகளை, மக்கள் மறுபடி விண்ணப்பிக்கக் காத்திராமல், இழப்பீட்டு அலுவலகமே எடுத்து இன்றைய விதிப்படி சரிசெய்யட்டும். வீடுகளைத் தனித்தனியாக அல்ல, தெருத் தெருவாகப் பாருங்கள். அடித்தளம் இறங்கிய வீட்டில் முதலில் அடித்தளத்தைச் சீர்செய்யுங்கள். சுவரை மட்டும் பூசினால் அடுத்த அதிர்வில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். ஒரு குடும்பத்துக்கு முதல் நாளிலிருந்து கடைசி வரை ஒரே பொறுப்பாளர் இருக்கட்டும்.

வாயு வயல் 2024 ஏப்ரலில் சட்டப்படி மூடப்பட்டது. நிலத்தடி அழுத்தம் சமநிலைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை அதிர்வுகள் தொடரும். 2023இல் அரசு 30 ஆண்டுகளுக்கு 2,200 கோடி யூரோ என்று வாக்குக் கொடுத்தது. அதற்குள் எத்தனை அமைச்சரவைகள் வந்து போகுமோ! அடுத்த நிதிநிலை விவாதத்தில் சிக்கனத்தின் பெயரால் அந்தத் தொகையில் யார் கைவைக்க வந்தாலும், கட்சி பாராமல் எதிர்த்து வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
நெதர்லாந்துவாழ் தமிழன் ஒருவன்