கொடியின் பச்சை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தின இதழில் தேசியக் கொடி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிங்கலி வெங்கய்யாவுக்கு உரிய இடம் கொடுத்திருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

அது 1921 இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) வெங்கய்யா காந்தியிடம் கொடுத்த கொடியின் காலத்துப் பேச்சு. அதில் இருந்தவை சிவப்பும் பச்சையும்தான். வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. அப்புறம் எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். இந்த வழக்கெல்லாம் வேண்டாம் என்றுதான் 1931 இல் காங்கிரஸ் சிவப்பை எடுத்துவிட்டுக் காவியை மேலே வைத்தது. நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்றும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டது.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ராட்டை இருந்த இடத்துக்கு 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் வந்தது. அன்று நிறங்களுக்கு விளக்கம் சொன்னவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். எங்கள் நகரியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வருகிற திருத்தணியில் பிறந்தவர். (1960 இல்தான் அந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நாங்கள் இந்த ஆந்திரப் பக்கமே தங்கிவிட்டோம்.) காவி என்றால் பற்றின்மை, தலைவர்கள் சொந்த லாபம் பாராமல் உழைக்க வேண்டும் என்றார் அவர். வெள்ளை என்பது ஒளி, உண்மையின் வழி. பச்சை என்பது மண்ணோடு நமக்குள்ள உறவு, எல்லா உயிரும் நம்பியிருக்கிற பயிர். இந்தப் பேச்சைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், போன வருஷம் என் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து காகிதக் கொடியோடு வந்தான். நான் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். "தாத்தா, இந்தப் பச்சை நம்ம கலர் இல்லையாம், பக்கத்து வீட்டுக்காரங்களோடதாம்" என்று சொல்லிக் கொடியின் கீழ்ப் பாதியை விரலால் மறைத்துக் காட்டினான். யாரோ சொல்லிக் கொடுத்ததுதான். பக்கத்து வீட்டில்தான் அவன் பாதி நாள் சாப்பிடுகிறான்! எனக்குக் கை ஓடவில்லை. தறியை நிறுத்திவிட்டு அவனைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், பூ விட்டிருந்த கடலைச் செடியைக் காட்டி, "இதுதாண்டா அந்தப் பச்சை" என்றேன்.

ராதாகிருஷ்ணனின் அந்தப் பேச்சைப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் அடுத்த இதழில் போடுங்கள். இங்கே தமிழ் படிக்கிற வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

- நெசவுத் தொழிலாளி ஒருவர், நகரி