கேதுரு விதை முளைக்க வைப்பது பற்றி

அன்பு மகளுக்கு,

கேதுரு விதை வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். விதைக்கும் முன் உறையில் தாவரவியல் பெயர் என்ன என்று பார். கேதுருவின் ஆங்கிலப் பெயரான சிடார் என்ற பெயரில் துயா, ஜூனிபர் என்ற வேறு மரங்களும்கூட விற்பனையாகின்றன. அவற்றின் முறை வேறு. நீ கேட்ட அழகு மரத்தின் பெயர் சீட்ரஸ் என்றுதான் தொடங்கும். சீட்ரஸ் தியோதாரா என்றால் இமயமலைத் தேவதாரு. லிபானி என்றால் வேதாகமத்தில் வரும் லீபனோன் கேதுரு. அட்லாண்டிகா என்றால் மொராக்கோ, அல்ஜீரியா மலைகளில் வளரும் அட்லஸ் கேதுரு. வெயிலை ஓரளவு தாங்குவது தேவதாருதான். அட்லஸ் வகையின் வெள்ளிநீல ஊசியிலைக்கு ஆசைப்பட்டிருந்தால் விதையை முழுசாக நம்பாதே. சில கன்றுகள் நீலமாக வரும், மற்றவை பச்சையாகவே நிற்கும். பெயர் சொல்லி விற்கும் நீல ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள்.

விதையைக் கையில் தேய்த்துப் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு. இதில் அது வேண்டாம். தோலுக்குள் சின்னச் சின்னப் பிசின் பைகள் இருக்கின்றன. அவை நசுங்கினால் முளைப்பு கெடும். விதையோடு ஒட்டிய மெல்லிய இறக்கையை நுனி விரலால் மெல்லக் கிள்ளி எடு, வராவிட்டால் அப்படியே விடு. எண்ணெய்ச் சத்துள்ள விதை என்பதால் அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் உயிர் போய்விடும். நாலைந்து விதையை பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார். பருப்பு தோலை ஒட்டி நிறைந்து, ஈரப்பதமாக இருந்தால் நல்லது. சுருங்கியோ மஞ்சளித்தோ உள்ளே வெறும் கூடாகவோ இருந்தால் பதர். மரத்துக் காயிலிருந்து நீயே எடுப்பதானால், காயை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் செதில்கள் நெகிழ்ந்து பிரியும். நடுப்பகுதிச் செதில்களில்தான் நல்ல விதை. மேல்நுனியிலும் அடியிலும் இருப்பவை பெரும்பாலும் பொக்கு.

இனி, விதை சீராக முளைக்கக் குளிரில் வைக்கும் வேலை. விதையை ஒரு நாள் முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் ஊறவை. ஈரமான பெர்லைட்டையோ (பொரித்த எரிமலைக்கல் துகள்) ஆற்று மணலையோ கைப்பிடியில் இறுக்கிப் பிழி. சொட்டு விழக் கூடாது, பிடி உடையாமல் நிற்க வேண்டும். அதோடு விதையைக் கலந்து பிளாஸ்டிக் பையில் போட்டு, கொஞ்சம் காற்று விட்டு மூடி, பிரிட்ஜின் காய்கறித் தட்டில் 3 முதல் 4 வாரம் வை. 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் போதும். ஐஸ் பெட்டியில் வைத்தால் ஊறிய விதை செத்துவிடும். வாரம் ஒரு முறை திறந்து பார். பூஞ்சை படிந்த விதையை எடுத்து எறி. வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்த்துவிட்டால் 4 வாரம் ஆகட்டும் என்று காத்திருக்காதே, அன்றைக்கே விதைத்துவிடு.

தொட்டி ஆழமாக இருக்கட்டும், குறைந்தது 20 சென்டிமீட்டர். இலை தலைநீட்டும் முன்பே ஆணிவேர் கீழே ஓடும். ஆழமில்லாத தட்டில் அது அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளைப் பிற்பாடு சரிசெய்ய முடியாது, மரம் பருத்த பிறகு அதுவே அடித்தண்டை நெரிக்கும். கலவைக்கு, உப்புப் போகக் கழுவிய தென்னைநார்த் தூள், பெர்லைட், பருமணல் மூன்றும் சம அளவு. தொழு உரம் சேர்க்காதே. 1 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, மேலே மெல்லிய பொடிக்கல் பரப்பு. எலியும் குருவியும் விதையைத் தேடி வரும், கம்பிவலை போட்டு மூடு. 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கத் தொடங்கும்.

முளைக்கும்போது விதைத்தோலைக் குல்லாய் மாதிரிச் சுமந்துகொண்டு வரும். பிடுங்கினால் விதையிலைகளும் சேர்ந்து பிய்ந்துவிடும்; தண்ணீர் தெளித்துவிட்டுச் சும்மா இரு.

கன்றுகள் அதிகம் சாவது இந்தக் கட்டத்தில்தான், காரணம் நாற்றழுகல். காலையில் நிமிர்ந்து நின்ற முளை மாலையில் படுத்திருக்கும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்திருக்கும். பித்தியம், ஃபியூசேரியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகளும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களும் செய்யும் வேலை அது. விழுந்ததைக் காப்பாற்ற வழியில்லை, பக்கத்துத் தொட்டிகளைத்தான் காப்பாற்றலாம். மேலே ஊற்றாமல் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் பத்து நிமிடம் வைத்து எடு. மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். மூடி போட்டு ஆவி பிடிக்க வைக்காதே. பொடிக்கல் பரப்பச் சொன்னதும் தண்டின் அடி உலர்ந்திருக்கத்தான்.

முதல் வருடம் ஊசிகள் தனித்தனியாக வரும். கேதுருவுக்கே உரிய கொத்துக் கொத்தான இலை பிந்தித்தான் தெரியும், விதை மாறிவிட்டதோ என்று பயப்படாதே. தேவதாருவின் நுனிக்கிளை வளைந்து தொங்குவதும் வாட்டமல்ல, அதன் சுபாவம். குச்சி கட்டி நிமிர்த்தாதே. கடும் உறைபனி விழும் இடமென்றால் தொட்டியைச் சுவரோரம் ஒதுக்கி வைக்கோல் சுற்று. தரையில் இருக்கும் வேரைவிடத் தொட்டி வேர் சீக்கிரம் உறையும்.

இரண்டு மூன்று வயதில், குளிர்காலம் முடிந்து புதுத் துளிர் விடும் முன் தரையில் நடு. வீட்டுச் சுவரிலிருந்து 10 மீட்டராவது தள்ளி, தண்ணீர் தேங்காத இடமாகப் பார். தண்டில் பழைய மண்மட்டத்தின் தடம் தெரியும். குழியில் அந்தத் தடம் மண்ணுக்குக் கீழே போகக் கூடாது.

பிரிட்ஜில் விதையை வைத்த தேதியைப் பையின் மேலேயே எழுதி ஒட்டிவிடு.

அன்புடன்,
அப்பா